செயினைக் கழற்றும் முன்

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கினிகத்தேனை ஏற்றத்தில் கார் இழுக்கவில்லை என்று மட்டும் எழுதியிருந்தால் நான் கவலைப்பட்டிருக்க மாட்டேன். 1000 மீட்டர் ஏறினாலே காற்று மெலிந்து, எஞ்சினின் சக்தியில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு போய்விடும். ஹட்டனில் வளர்ந்த உனக்கு இது புதிதல்ல. ஆனால் காலி வீதியின் சமதரையிலும் இழுவை இல்லை, காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சினின் முன்பக்கம் கலகலக்கிறது என்கிறாய். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டிலிருந்து, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் டைமிங் செயின் நீண்டிருக்கும் என்றுதான் என் மனம் சொல்கிறது.

முன்பக்கம் முழுவதையும் பிரிக்க வேண்டும் என்று கராஜில் சொன்னார்களாம். கொஞ்சம் பொறு. நம் டட்சன் 510இல் இருப்பது எல்16 எஞ்சின். செயின் ஒருநாள் நீளும் என்பதை அதை வடிவமைத்தவர்கள் முன்பே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். கேம் ஷாஃப்ட் பல்சக்கரத்தில் 1, 2, 3 என எண்ணிட்ட மூன்று துளைகள் உண்டு; கேமின் முனையில் உள்ள சிறு ஊசி அவற்றில் ஒன்றில் உட்காரும். புதுச் செயினுக்கு 1. செயின் நீள நீள கேம் பின்தங்கும். வால்வுகள் தாமதமாகத் திறந்து மூடும். ஊசியை 2ஆம் துளைக்கு மாற்றினால் கேம், கிராங்க் சுழற்சிக் கணக்கில், 4 பாகை முன்னே வரும். இந்த எஞ்சின்மேல் எனக்குள்ள மதிப்புக்கு இந்த மூன்று துளைகளே போதும்.

முதலில் வால்வு கவரை மட்டும் கழற்றச் சொல். பிளக்குகளை எடுத்துவிட்டு, கிராங்க் கப்பியின் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே கையால் சுற்ற வேண்டும். பின்னோக்கிச் சுற்றினால் தளர்வு இடம் மாறி, அளவு பொய்யாகிவிடும். முதலாம் பிஸ்டன் உச்சிக்கு வந்து, அதன் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும்போது நிறுத்துங்கள். பல்சக்கரத்தின் பின்புறம் ஒரு வெட்டு இருக்கும். அதன் பின்னால் உள்ள தட்டில் ஒரு கீறல் இருக்கும். முன்னால் நின்று பார்க்கையில் வெட்டு கீறலுக்கு இடப்பக்கம் போயிருந்தால் செயின் நீண்டது உறுதி.

இனிச் சொல்வதை மெக்கானிக்குக்கு வாசித்தே காட்டு. கேம் பல்சக்கரத்தைத் தொடும் முன், செயினின் இரண்டு பக்கங்களுக்கும் நடுவே மரக்கட்டை ஆப்பை இறுக்கிச் செருக வேண்டும். செயினை அழுத்திப் பிடிப்பது டென்ஷனர். அதற்குள் ஸ்பிரிங்கும் எஞ்சின் எண்ணெயின் அழுத்தமும் வேலை செய்கின்றன. ஆப்பு இல்லாமல் செயின் தளர்ந்தால் டென்ஷனரின் முனை வெளியே பாய்ந்துவிடும். பிறகு முன்மூடியைக் கழற்றாமல் அதை உள்ளே தள்ளவே முடியாது. ஒரு மணி நேர வேலை இரண்டு நாளாகும், செலவும் அப்படியே. நல்ல வைரம் பாய்ந்த கட்டையில் ஆப்பு சீவி, வெளியே இழுக்கக் கம்பியும் கட்டி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கொழும்பு பஸ்ஸில் வரும் சித்தப்பாவிடம் கொடுத்துவிடுகிறேன்.

கழற்றும் முன் பல்சக்கரத்தின் 1 என்ற அடையாளத்துக்கு நேரே செயினில் பெயின்ட் புள்ளி வைக்கட்டும். மீண்டும் பூட்டும்போது அந்தப் புள்ளி 2 என்ற அடையாளத்துக்கு நேரே வர வேண்டும். கேமின் ஊசி 2ஆம் துளையில் உட்கார வேண்டும். ஆப்பை எடுத்ததும் கிராங்கை இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றுங்கள், அப்போதுதான் கேம் ஒரு சுற்று முடிக்கும். எங்காவது தடுத்தால் பலவந்தம் வேண்டாம், நிறுத்திவிடுங்கள்.

ஒருவேளை ஏற்கெனவே 3ஆம் துளையில் நின்றால் செயினின் ஆயுள் முடிந்துவிட்டது. அப்போது கராஜில் சொன்னதுதான் சரி, பிரித்தே ஆக வேண்டும். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் செயின், பல்சக்கரங்கள், செயின் உரசி ஓடும் கைடு, டென்ஷனர் எல்லாவற்றையும் ஒன்றாக வாங்கு. பழைய பல்லில் புதுச் செயினைப் போட விடாதே. பணம் போதாவிட்டால் எழுது, அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா