ஞான நூல்கள் கையேட்டுக்குக் கூட நின்ன எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். யோபு, நீதிமொழிகள், பிரசங்கி மூணையும் நம்ம சபை ஜனங்க பயமில்லாம எடுத்து வாசிக்கணும்னு ஆரம்பிச்ச கையேடு கர்த்தரோட கிருபையால முடிஞ்சு பிரஸ்ஸுக்குப் போயிடுச்சு, இந்த நேரத்துல நன்றி சொல்லாம இருக்க மனசு கேக்கல.

முதல்ல எங்க சபைப் போதகர் ஐயருக்கு. எந்த வசனம் எடுத்தாலும் யாரு சொன்னது, யாருகிட்ட சொன்னதுன்னு பாருங்கன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. "உம்முடைய துவக்கம் அற்பமாயிருந்தாலும், உம்முடைய முடிவு சம்பூரணமாயிருக்கும்", புது வீடு, புதுக் கடைன்னா நம்ம ஆளுங்க சுவத்துல மாட்டுற வசனம், யோபு 8:7. சொன்னது யோபோட சிநேகிதன் பில்தாத். பத்துப் பிள்ளைகளையும் பறிகொடுத்துட்டு சாம்பல்ல உக்காந்திருக்கிற தகப்பன் யோபுகிட்ட, உன் பிள்ளைங்க பாவம் பண்ணியிருந்தா அதுக்கான தண்டனைதான் அதுன்னு மூணு வசனம் முன்னாடி சொல்லிட்டு, அப்புறம் இதைச் சொல்றான். கடைசி அதிகாரத்துல கர்த்தர் அவன் மேலயும் மத்த ரெண்டு சிநேகிதர் மேலயும் கோபப்படுறாரு. யோபோட முடிவு நிஜமாவே ஆசீர்வாதமாத்தான் இருந்துச்சு, ஆனா பில்தாத் போட்ட கணக்குப்படி இல்ல. யோபு பாடம் முழுக்க இதை வச்சுத்தான் எழுதினேன்.

அடுத்து பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமாருக்கு. பிள்ளையை நடக்கவேண்டிய வழியில நடத்தினா முதிர்வயசுலயும் அதை விடமாட்டான்னு சொல்ற நீதிமொழிகள் 22:6 வாசிச்சப்போ ஒரு அம்மா, "நான் நல்லாத்தான் வளத்தேன், மகன் சபைப் பக்கமே வர்றதில்ல, அப்ப என் வளர்ப்புதான் தப்பா?"ன்னு கேட்டாங்க. அம்மா, உங்க கேள்விக்குத்தான் தனியா ஒரு பாடமே இருக்கு. நீதிமொழி வாழ்க்கை பொதுவா எப்படிப் போகும்னு சொல்லுது, பத்திரம் எழுதிக் கொடுக்கல. 26:4ல மூடனுக்குப் பதில் சொல்லாதேன்னு இருக்கு, அடுத்த வசனத்துலயே சொல்லுன்னு இருக்கு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சிருக்காங்கன்னா நேரம் பாத்து நடந்துக்கோன்னுதான அர்த்தம். நீதிமான் கெட்டுப்போறதையும் துன்மார்க்கன் நீடிச்சு வாழ்றதையும் கண்ணால பாத்தேன்னு பிரசங்கி 7:15 வெளிப்படையாவே சொல்லுது, அதுவும் வேதம்தான்.

நீதிமொழிகள் 22:17லேர்ந்து வர்ற பகுதிக்கும் பழைய எகிப்தோட ஆமெனெமோப் போதனைங்கிற ஞான நூலுக்கும் உள்ள ஒற்றுமையைப் பொறுமையா விளக்கின வேதாகமக் கல்லூரி அண்ணனுக்கும், வயசானவங்களுக்காக எழுத்தைப் பெருசாக்கிக் கொடுத்த டிடிபி தம்பிக்கும், புரூஃப் பாத்த வாலிபப் பிள்ளைங்களுக்கும் ரொம்ப நன்றி.

பேப்பர் செலவை ஏத்துக்கிட்ட குடும்பம் பேர் எங்கயும் போடக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க, வாசிக்கும்போது உங்களுக்கே தெரியும், நன்றி.

கிறிஸ்துவுக்குள் அன்புடன்,
உங்க சகோதரன்