கோமதிக்கு: எந்த ஏரிக்கரை?

மினியாபொலிஸ்,
அக்டோபர், ஞாயிறு காலை

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. முழங்காலில் ஊசி போட்டுக்கொண்டதாக எழுதியிருக்கிறாய். இரண்டு வாரமாவது மாடிப்படி ஏறாமல் இரு; நீ இருக்க மாட்டாய், தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்கு இது கடைசி வருடப் படிப்பு. வீடு இப்போதே பாதி காலியாகிவிட்டது போலிருக்கிறது.

அண்ணன் ஜூன் மாதம் ஓய்வு பெறுகிறார் என்றதும் மகிழ்ச்சி. டல்லாஸ் வீட்டை விற்றுவிட்டு ஏரி உள்ள ஊராகப் பார்த்துப் போகிறோம், எந்த மாநிலத்து ஏரி நல்லது என்று கேட்டிருக்கிறாய். நான்கு நாட்களாக வேலைக்குப் போகும் வழியெல்லாம் இதே யோசனைதான்.

முதலில் ஒரு சண்டை. டெக்சாஸில் இருப்பவை ஏரிகளே அல்ல, அணை கட்டித் தேக்கிய தண்ணீர் என்று அலுத்துக்கொண்டிருக்கிறாய். நாம் நீச்சல் பழகிய கண்மாய் மட்டும் தானாக உண்டானதா? யாரோ மண் சுமந்து கரை போட்டு, மடை வைத்துத் தேக்கியதுதானே. மனிதன் கட்டியது என்பதற்காக ஒரு நீர்நிலையைத் தாழ்வாகப் பேசாதே. இயற்கையாகவே உண்டானதுதான் வேண்டுமென்றால், லூசியானா எல்லையில் கேடோ ஏரி இருக்கிறது. தண்ணீருக்குள் நிற்கும் சைப்ரஸ் மரங்களிலிருந்து சாம்பல் நிறப் பாசி தாடிதாடியாகத் தொங்கும். அதைப் பார்க்காமல் டெக்சாஸை விட்டுக் கிளம்பினால் பிறகு வருத்தப்படுவாய்.

எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாதே. எங்கள் மின்னசோட்டா மாநிலத்துக் கார்களின் எண் பலகையில் பத்தாயிரம் ஏரிகள் என்று இருக்கும். பத்து ஏக்கரும் அதற்கு மேலும் உள்ளவற்றை மட்டும் கணக்கிட்டால் 11,842. பக்கத்தில் விஸ்கான்சின்காரர்கள் எங்களிடம் 15,000 என்பார்கள். பெயரில்லாத குட்டைகளும் அந்தக் கணக்கில் உண்டு. அலாஸ்காவில் முப்பது லட்சத்துக்கு மேல். அதோடு அந்தப் போட்டி முடிந்துவிடுகிறது.

அழகுதான் கணக்கு என்றால் ஓரிகன் மாநிலத்துக் கிரேட்டர் ஏரிக்குப் பக்கத்தில் எதையும் வைக்க முடியாது. சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் ஓர் எரிமலை வெடித்து, உச்சி உள்ளே சரிந்து விழுந்த பள்ளம் அது. ஆறு ஒன்றும் வந்து சேர்வதில்லை, ஒன்றும் வெளியேறுவதுமில்லை. மழையும் பனியும்தான் 1,943 அடி ஆழத்தை நிரப்பியிருக்கின்றன. இந்த நாட்டில் அதைவிட ஆழமான ஏரி கிடையாது. நாங்கள் போன அன்று அந்த நீலத்தைப் பார்த்து என் மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார். ஆனால் தண்ணீரைத் தொட ஒரே ஒரு பாதைதான் இருந்தது, அதுவும் செங்குத்தாக இறங்க வேண்டும். அவர் மேலேயே உட்கார்ந்துவிட்டார். உன் முழங்காலும் இறங்காது.

அங்குதான் எனக்கு ஒரு விஷயம் உறுதிப்பட்டது. ஆனால் அது தொடங்கியது நாங்கள் இங்கு வந்த முதல் கோடையில். வரைபடத்தில் நகருக்கு மேற்கே பெரிய நீலத் திட்டு ஒன்றைப் பார்த்துவிட்டு, பெரியவளுக்கு நீச்சல் உடை மாட்டி, புளிசாதம் கட்டிக்கொண்டு கிளம்பினோம். ஒரு மணி நேரம் அந்த ஏரியைக் காரில் சுற்றினோம். வீடு, வேலி, படகுத்துறை, தனியார் இடம் என்ற பலகை. மறுபடியும் வீடு, வேலி. இரண்டு கார் கொட்டகைகளுக்கு நடுவே ஒரு முழ அகலத்துக்குத் தண்ணீர் மின்னியது. கடைசியில் ஒரு பெட்ரோல் பங்க் ஓரத்தில் புளிசாதத்தைச் சாப்பிட்டுத் திரும்பினோம். குழந்தை நீச்சல் உடையோடு தூங்கிப்போனாள். அன்றிலிருந்து எந்த ஏரியைப் பார்த்தாலும் என் முதல் கேள்வி இதுதான்: கரையில் ஒரு சென்ட் நிலம் இல்லாதவள் இதில் கால் நனைக்க முடியுமா?

இந்தக் கேள்வியோடு பார்த்தால் மாநிலங்களின் வரிசையே மாறிவிடுகிறது, கோமதி.

புளோரிடாவில் பனி இல்லை என்று அண்ணன் சொல்கிறார், சரி. ஆனால் அங்குள்ள பெரிய ஏரியான ஒக்கிசோபியைச் சாலையிலிருந்து பெரும்பாலும் பார்க்க முடியாது. 1928 புயலில் ஏரி கரை புரண்டு 2,500 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். அதன் பிறகு எழுப்பிய பெரிய கரை இப்போது ஏரியைச் சுற்றி நிற்கிறது. உயிர் காக்கும் கரை, குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் ஏறிப் போய்த்தான் ஏரியைப் பார்க்க வேண்டும். மகன் இருக்கிறான் என்று யூட்டாவையும் யோசிக்கிறாய். அங்குள்ள உப்பு ஏரியை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அதற்கு வரும் ஆறுகளை வயலுக்கும் ஊருக்கும் திருப்பித் திருப்பி, 2022-இல் அது பதிவேட்டிலேயே மிகக் குறைந்த மட்டத்துக்கு இறங்கியது. காய்ந்த தரையிலிருந்து கிளம்பும் தூசியில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருக்கிறது. மகனைப் பார்க்கப் போ, குடியிருக்கப் போகாதே. ஓஹாயோவின் ஈரி ஏரியும் ஒரு கவலைதான்: 2014 ஆகஸ்டில் டொலிடோ நகரில் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்றார்கள். வயல் உரம் ஆற்றோடு வந்து சேர்ந்து பாசி பெருகி, அதன் நஞ்சு தண்ணீரில் கலந்துவிட்டது. கொதிக்க வைத்தாலும் போகாத நஞ்சு.

மிச்சிகனைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. கிரேட் லேக்ஸ் என்று சொல்லும் ஐந்து பேரேரிகளில் நான்கு அந்த ஒரு மாநிலத்தைத் தொடுகின்றன. 2005-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது: பேரேரிகளின் கரையில், தண்ணீர் வழக்கமாக ஏறும் குறி வரைக்கும் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், அதை ஒட்டிய நிலம் யாருடையதாக இருந்தாலும். ஒரு பெண் தன் பக்கத்து வீட்டுக்காரர்கள் மீது போட்ட வழக்கு அது. உள்நாட்டுச் சின்ன ஏரிகளுக்கு இது பொருந்தாது. இருந்தாலும் போன ஆகஸ்டில் மிச்சிகன் ஏரிக்கரையில் மாளிகைகளுக்கு முன்னால் ஈர மணலில் நான் நடந்தபோது, என்னை யாரும் எங்கே போகிறாய் என்று கேட்க முடியாது என்ற நினைப்பே காலுக்குப் பலம் கொடுத்தது.

அங்கே பெட்டாஸ்கி ஊர்ப் பக்கம் ஒரு கல் கிடைக்கும். பார்த்தால் சாதாரணச் சாம்பல் கூழாங்கல். தண்ணீரில் நனைத்தால் தேன்கூடு போல அறுகோணம் அறுகோணமாகக் கோலம் தெரியும், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கருமை. முப்பத்தைந்து கோடி ஆண்டுகளுக்கும் முன் அங்கே வெதுவெதுப்பான கடல் இருந்தபோது வாழ்ந்த பவளம் அது. அரசு நிலத்திலிருந்து ஆண்டுக்கு 25 பவுண்டு வரை எடுத்துக்கொள்ளலாம். நான் எடுத்தது மூன்றே கல். ஒன்றை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன்.

மனம் மிச்சிகன் பக்கம் சாய்கிறது என்பதை மறைக்கவில்லை. ஆனாலும் உன்னை இங்கேதான் கூப்பிடுகிறேன்.

1883-இல் கிளீவ்லண்ட் என்ற நில வடிவமைப்பாளர் இந்த நகரத்தாரிடம், விலை ஏறுவதற்குள் ஏரிக்கரைகளை ஊருக்காக வாங்கி வையுங்கள் என்று எழுதிக் கொடுத்தார். கேட்டார்கள். அதனால்தான் என் வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடத்தில் போய் இறங்கும் பிடே மகா ஸ்கா ஏரியின் கரை முழுவதும் பூங்கா. அடிமை முறைக்காக வாதாடிய அரசியல்வாதி ஒருவரின் பெயரில் இருந்ததை, டக்கோட்டா மக்களின் பழைய பெயருக்கே இப்போது திருப்பியிருக்கிறார்கள். சுற்றி வர சுமார் 3 மைல், சமதளம், நடுநடுவே உட்காரப் பெஞ்சு. ஜூலை மாலையில் ஒரு பக்கம் சோமாலியக் குடும்பங்கள் தேநீர்க் குடுவையோடு உட்கார்ந்திருப்பார்கள், இன்னொரு பக்கம் மெக்சிகோக்காரர்கள் இறைச்சி சுடுவார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்குவேன். வரிச்சிப்பி என்ற சின்னஞ்சிறு சிப்பி எங்கிருந்தோ வந்து எங்கள் ஏரிகள் பலவற்றில் பரவியிருக்கிறது, அதன் ஓடு காலைக் கிழித்துவிடும். அதனால் ரப்பர் செருப்பு ஒன்று எடுத்து வா. கொசுவும் உண்டு, நம் ஊர்க் கொசுவைவிடத் தடித்தது.

ஆனால் ஜூலையில் வராதே. ஜூலையில் பார்த்தால் யாருக்கும் பிடிக்கும். பிப்ரவரியில் வா. ஏரி உறைந்து கிடக்கும். பனிக்கட்டி தெளிவாக 4 அங்குலம் தடித்தால் நடக்கலாம் என்பது இங்குள்ள கணக்கு. பிப்ரவரியில் அதைவிட நிறையவே தடித்திருக்கும். குளிர் கூடும் இரவுகளில் அடியிலிருந்து ஒரு சத்தம் வரும், தூரத்தில் யாரோ பெரிய அண்டாவை உருட்டுவது போல. பனிக்கட்டி இறுகி விரிசல் விடும் சத்தம், பயப்பட ஒன்றுமில்லை. போன வருடம் துளையிட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு தாத்தா, சின்னவளைக் கூப்பிட்டுத் தூண்டிலைக் கையில் கொடுத்தார். துளைக்குள் தண்ணீர் மை போலக் கறுத்திருந்தது. அவள் முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள், ஒரு மீனும் சிக்கவில்லை, எழுந்து வரவும் மனமில்லை.

அந்தக் குளிரில் ஒரு வாரம் இருந்து பார்த்துவிட்டு, அண்ணனும் நீயும் முடிவு செய்யுங்கள். வேண்டாம் என்றால் மிச்சிகனுக்கு வீடு பார்க்க நானே கூட வருகிறேன். இருபத்தைந்து வருடமாக உன்னோடு தொலைபேசியிலேயே பேசிக்கொண்டிருக்கிறேன், இனியாவது நடந்துகொண்டே பேசலாம் என்ற ஆசை எனக்கு.

தடித்த கம்பளிக் காலுறை வாங்கிவிடாதே, என்னிடம் நிறைய இருக்கிறது. சுண்டைக்காய் வற்றல் கொஞ்சம் கொண்டு வா, இங்கே கிடைப்பது நன்றாக இல்லை. டிக்கெட் போட்டதும் தேதியை எழுது.

அன்புடன்,
வசந்தா