பதினெட்டு வீடுகள்: கட்டுமான நிறைவு அறிக்கையும் கணக்கு விளக்கமும்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கடலூருக்கு வடக்கே, தென்பெண்ணையாற்றுக்கு நடை தூரத்தில் நம் சங்கம் எடுத்துச் செய்த பதினெட்டு வீடுகளின் வேலை முடிந்து, சென்ற மாதம் சாவிகள் ஒப்படைக்கப்பட்டன. சிப்காட் ஆலைகளுக்கு ஒப்பந்தக் கூலியாகப் போகிறவர்கள், முதுநகரில் மீன் விற்கும் பெண்கள், துணிக்கடை ஊழியர்கள், செவிலியர்கள் ஆகியோரின் குடும்பங்கள் குடியேறிவிட்டன. அஸ்திவாரம், சுவர், கதவு, கழிவுநீர்த் தொட்டி, மின் இணைப்பு யாவும் மதிப்பீட்டுக்குள் முடிந்தவை. அவற்றைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

மதிப்பீடு 1,52,00,000 ரூபாய். செலவு 1,70,40,000 ரூபாய். இடையிலுள்ள 18,40,000 ரூபாய் எங்கே போனது என்று பொதுக்குழுவில் மூன்று முறையும், கைப்பேசியில் சுற்றிய ஒரு குரல் பதிவில் சற்றுக் கடுமையாகவும் கேட்கப்பட்டது. கேட்பது உறுப்பினர்களின் உரிமை. பதில் சொல்வது எங்கள் கடமை என்பதால் இந்த அறிக்கையின் பெரும்பகுதி அதற்கே செலவாகிறது.

முதலில் வரைபடத்தில் இருந்த பேஸ்மட்டம், அதாவது வீட்டுத் தரையின் உயரம், சாலையிலிருந்து 2 அடி. 2024 டிசம்பர் முதல் வாரத்தில், ஃபெஞ்சல் புயல் மழையை அடுத்து, சாத்தனூர் அணையிலிருந்து திறக்கப்பட்ட நீர் தென்பெண்ணையில் கரைபுரண்டு வந்தபோது, அஸ்திவாரம் மட்டுமே எழும்பியிருந்த நம் மனை மூழ்கியது. நீர் வடிந்தபின் கிடங்குச் சுவரில் சேற்றுக் கோடு ஒன்று நின்றது. நாடா பிடித்துப் பார்த்தோம். சாலையிலிருந்து 3 அடி 8 அங்குலம். அதாவது, திட்டமிட்டபடி கட்டி முடித்திருந்தால் ஒவ்வொரு வீட்டிலும் முழங்காலளவு தண்ணீர் நின்றிருக்கும். அன்றே பேஸ்மட்டத்தை 4 அடியாக உயர்த்துவதென்று குழு ஒருமனதாக முடிவு செய்தது. பொதுக்குழுவைக் கூட்டிக் கேட்டிருக்க வேண்டும் என்பது நியாயமான குறை, அதை ஏற்கிறோம். ஆனால் முடிவு தவறு என்பதை ஏற்கவில்லை. 2015 வெள்ளத்தையும் பார்த்த ஊர் இது. குறைந்த விலைக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, வருகிற வெள்ளத்தில் பீரோவையும் அரிசி மூட்டையையும் தலையில் தூக்கிக்கொண்டு அவர்களை ஓடவிட எங்களுக்கு மனம் வரவில்லை.

உயர்த்திய வகையில் செலவு 14,60,000 ரூபாய். எட்டுப் படி ஏற வேண்டியிருக்கிறதே என்று முதியோர் வருந்தியதால் எல்லா வீட்டுக்கும் கைப்பிடியும், சக்கர நாற்காலி உள்ள இரண்டு வீடுகளுக்குச் சாய்தளமும் அமைத்ததில் 1,50,000 ரூபாய். ஓரடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம் என்பது விதி. நான்கு அடிக்கு 48 அடி. மனையில் அவ்வளவு நேர்நீளம் இல்லாததால் அது மடங்கித் திரும்புகிறது, அழகாக இல்லை என்பது எங்களுக்கும் தெரியும். மீதி 2,30,000 ரூபாய், வெள்ளத்தில் கட்டியாகிப்போன சிமெண்ட் மூட்டைகளுக்கும், வேலை நின்ற நாட்களில் கான்கிரீட் வார்க்கும் சென்ட்ரிங் தகடுகளுக்குக் கொடுத்த வாடகைக்கும் போனது. சிமெண்டைத் தரையோடு அடுக்க விட்டது குழுவின் கவனக்குறைவு.

இனி ஒப்பந்ததாரர் விவகாரம். உயர்த்திய பேஸ்மட்டத்துக்குள் கிராவல் மண் நிரப்பியதற்கு அவர் 212 யூனிட்டுக்குப் பில் கொடுத்தார். 106 லாரி நடை, நடைக்கு இரண்டு யூனிட் என்பது அவர் கணக்கு. யூனிட் என்பது 100 கன அடி. வீட்டுக்கு உள்ளளவு 375 சதுர அடி, கூடுதல் உயரம் 2 அடி, பதினெட்டு வீட்டுக்கும் சேர்த்து 13,500 கன அடி, அதாவது 135 யூனிட் என்று நாங்கள் காட்டியபோது, "மண் அமுங்கும் சார், தண்ணி விட்டுத் திமிசு போட்டா பாதியாயிடும்" என்றார். திமிசு என்பது மண்ணை இடித்து இறுக்கும் கருவி. அமுங்கும் என்பது உண்மை. எவ்வளவு என்பதில்தான் சண்டை. அவர் ஆட்களை நிறுத்திவிட்டார். இருபத்து மூன்று நாள் மனையில் மண்வெட்டிச் சத்தம் கேட்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு பெண்மணிக்கு நன்றி சொல்ல வேண்டும். காவலாளியின் மனைவி, யாரும் சொல்லாமலே, லாரி உள்ளே வரும்போதெல்லாம் கொட்டகைத் தகரத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டிருந்தார். நான்கு கோடு நிறுத்தி, ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து, வரிசை வரிசையாக. எண்ணினால் 98. எழுதப் படிக்கத் தெரியாதவர் போட்ட கோடு கணக்காகுமா என்று ஒப்பந்ததாரர் கேலி செய்தார். அவர் கேலி செய்த மறுநாள் குழுவினர் இருவர், இரு தரப்புக்கும் பொதுவான பொறியாளர் ஒருவரை அழைத்துக்கொண்டு போய், அதே டிப்பர் லாரியின் தொட்டியை உள்ளளவு எடுத்தார்கள்: நீளம் 12 அடி, அகலம் 7 அடி, மண் நிற்கும் உயரம் 2 அடி. 168 கன அடி, இரண்டு யூனிட் இல்லை. 98 நடைக்கு ஏறத்தாழ 165 யூனிட். அது திமிசில் 135 ஆவது இயல்பு. 212 யூனிட் 135 ஆக வேண்டுமானால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மண் மாயமாக வேண்டும் என்று பொறியாளர் எழுதிக் கொடுத்தார். 165 யூனிட்டுக்குப் பணம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினோம். குழு ஒப்பந்ததாரரோடு கூட்டு என்று பேசியவர்கள், குறைத்த 47 யூனிட்டின் விலையையும் ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

அவருக்கும் நியாயம் செய்ய வேண்டும். வெள்ளம் வடிந்தபோது ஆறு நாள் தம் மோட்டார் வைத்து நீர் இறைத்ததற்கு அவர் ஒரு ரூபாய் கேட்கவில்லை. அவருடைய கொத்தனார்கள், முன்பின் பழக்கமில்லாத எலிப்பொறிக் கட்டு என்ற, செங்கலைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டு விளிம்பில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விடும் முறையை, முதல் வீட்டில் முணுமுணுத்துக்கொண்டும் நான்காவது வீட்டிலிருந்து தாமே நூல் பிடித்தும் கட்டினார்கள். கல் நான்கில் ஒரு பங்கு மிச்சம். நடுவிலுள்ள காற்று வெப்பத்தைத் தடுக்கிறது. அளவு ஒரே சீராக வேண்டியிருந்ததால் நாட்டுச் செங்கல்லை விட்டு, சேம்பர் சூளையில் சுட்ட செங்கல் எடுத்தோம். ஆரோவில்லுக்குப் போய், சுடாமல் அழுத்திச் செய்த மண்கல் சுவர்களையும் பார்த்தோம். அழகானவைதான். ஆனால் அடிக்கடி நீர் சூழும் மனைக்கு எங்களுக்குத் துணிவு வரவில்லை.

கூரையில் பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்ததைக் குப்பையைக் கொட்டிக் கான்கிரீட்டைத் திருடியதாகச் சிலர் நினைத்தார்கள். கூரையின் அடிப்பாகத்தில் பாரத்தை இழுத்துப் பிடிப்பது கம்பி. அங்கே கான்கிரீட் வெறும் நிரப்பு, அந்த இடத்தில் ஓடு வைப்பதால் பலம் குறைவதில்லை. மேலே வெள்ளைக் குளிர்ச்சி ஓடு. மே மாத நண்பகலில் மாடியில் செருப்பைக் கழற்றி நின்று பார்த்துவிட்டுத்தான் அந்தப் பில்லில் கையெழுத்திட்டேன்.

"நூறு யூனிட் மின்சாரம் இலவசமாக இருக்க, விலை கூடிய மின்விசிறி எதற்கு" என்ற கேள்விக்கு: 75 வாட் விசிறி ஒன்று நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட், மூன்று விசிறிக்கு 162. இலவசம் விசிறியிலேயே தீர்ந்துவிடும். நாம் போட்டது 28 வாட் விசிறி. மூன்றுக்கும் சேர்த்து 60 யூனிட்டை ஒட்டி நிற்கும்.

நன்கொடையாளர் பட்டியல் நீளமானது. ஓய்வூதிய நிலுவையிலிருந்து கொடுத்த தலைமையாசிரியை, சீட்டுப் பணத்தை அப்படியே நீட்டிய முதுநகர் மீன்காரப் பெண்கள், இரண்டு லோடு செங்கல் இறக்கிய நெல்லிக்குப்பம் கரும்பு விவசாயி, கதவு நிலைகள் தந்த பண்ருட்டி முந்திரி வணிகர், சம்பளத்தில் மாதாமாதம் அனுப்பிய நெய்வேலித் தொழிலாளர்கள், இடிக்கும் வீட்டின் ஓடுகளை விலையின்றி விட்டுக்கொடுத்த மஞ்சக்குப்பத்துக் குடும்பம், சிங்கப்பூரிலிருந்து மூன்று தவணை அனுப்பிய பிள்ளைகள். பெயரும் தொகையும் அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டுள்ளன. வெளிச்சத்தை மறைக்கும்படி குழல் விளக்கில் உபயம் எழுதும் வழக்கம் மட்டும் வேண்டாமென்று முடிவு செய்தோம்; இதில் வருத்தப்பட்ட இருவரிடம் நேரில் போய்ப் பேசியாயிற்று.

பதினோராம் வீட்டின் மேற்குச் சுவரில் ஈரக்கசிவு தெரிகிறது. ஒப்பந்ததாரரின் பில்லில் நூற்றுக்கு 5 பிடித்து வைத்திருக்கிறோம். வரும் ஐப்பசி, கார்த்திகை மழை கழிந்து, கசிவு சரியானபின்பே அது விடுவிக்கப்படும். அளவுப் புத்தகமும் ரசீதுகளும் ஞாயிறு காலை பத்து முதல் பன்னிரண்டு வரை அலுவலகத்தில் இருக்கும். கோடு போட்ட தகரத்தையும் கழற்றி அங்கேயே வைத்திருக்கிறோம்.

செயலாளர்,
கட்டுமானக் குழு