எல்லாமே மோதல்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நான் சேலம் அஸ்தம்பட்டியில் பத்திரம் எழுதுகிறவன். செய்தித் தலைப்புகளில் ‘மோதல்’ என்ற ஒரே சொல் எல்லாவற்றுக்கும் வருவது வருத்தமாக இருக்கிறது. ஏற்காடு மலைப்பாதையில் பைக்கும் காரும் இடித்தாலும் மோதல், காபித் தோட்டத்துக்குள் காட்டெருமை புகுந்தாலும் மோதல்.

ஆங்கிலத்தின் ‘கான்ஃப்ளிக்ட்’ லத்தீனில் ஒன்றோடொன்று இடிப்பது என்ற பொருளில் பிறந்ததுதான். ஆனால் இன்று அது கருத்து வேறுபாடு, மனப்போராட்டம், நலன்கள் முரண்படுவது, போர் என்று பலவற்றைக் குறிக்கிறது. நாம் வேரை மட்டும் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் ‘மோதல்’ என்றே மொழிபெயர்க்கிறோம்.

எங்கள் தொழிலில் சொல் மாறினால் விஷயமே மாறிவிடும். நிலத்தின் மேல் அடமானம் இருந்தால் வில்லங்கம். உரிமை கேட்டு வழக்குப் போட்டால் தாவா. வரப்பில் நின்று சத்தம் போட்டால் தகராறு, கை நீண்டால் அடிதடி. பேச்சை நிறுத்திக்கொண்டால் பிணக்கு. தகராறு அரபியிலிருந்து வந்த சொல். இருந்தாலும் ஊருக்கே புரிகிறது.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றின் பாகப்பிரிவினை வழக்கு ‘சகோதரர்கள் மோதல்’ என்று ஒரு பத்திரிகையில் அச்சாகிவிட்டது. அவர்கள் ஒருவர் மேல் ஒருவர் கை வைத்ததே இல்லை. ஆனால் பெண் கொடுக்க வந்தவர்கள் பயந்து பின்வாங்கிவிட்டார்கள். கைகலப்பு நடக்காத இடத்தில் இந்தச் சொல்லைப் போட வேண்டாம் என்று உங்கள் செய்திப் பிரிவினரிடம் தயவுசெய்து சொல்லுங்கள்.

– ஒரு பத்திர எழுத்தர், சேலம்