மாலம் பக்கம் மாடுகளிடமிருந்து காப்பாற்றிய முன்பின் தெரியாத அம்மாவுக்கு நன்றி

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் டேல்ஸில், மாலம் ஊருக்குப் பக்கத்து வயல் பாதையில் நேற்று ஓடிக்கொண்டிருந்தபோது கன்றுகளோடு நின்ற பசுக்கள் சட்டென்று என்னை நோக்கி வர, கல்சுவருக்கு அந்தப் பக்கம் நாயோடு நின்று "ஓடாதே, நட" என்று குரல் கொடுத்த அம்மாவுக்கு மனமார்ந்த நன்றி. பெயர்கூடக் கேட்கவில்லை, அவ்வளவு நடுக்கம்.

பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே போகாமல் சுவரோரமாக மெதுவாக வரச் சொன்னார், நான் சுவரைத் தாண்டும் படியேறி இறங்கும்வரை பேச்சை நிறுத்தவே இல்லை. அப்புறம் பொறுமையாக விளக்கினார்: பாதையில் மந்தை நின்றால் தள்ளிச் சுற்றிப்போய் மறுபடி பாதையில் சேர்ந்துகொள்ளலாம், நாயைக் கயிற்றில் பிடித்துப் போகும்போது மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிட வேண்டும், ஏனென்றால் மாட்டுக்குக் கோபம் பெரும்பாலும் நாய்மேல்தான், அது ஓடித் தப்பித்துக்கொள்ளும். இங்கே நாயோடு ஓடும் நம் ஆட்கள் இதைத் தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள், வசந்தத்திலும் கோடையிலும் கன்றுகள் வெளியே மேயும் காலத்தில் இன்னும் கவனம் தேவை.

மாலம் பக்கம் யாருக்காவது அவரைத் தெரிந்தால், அவர் காப்பாற்றிய பெண் பத்திரமாக வீடு சேர்ந்துவிட்டாள் என்று சொல்லிவிடுங்கள்.