தீர்ப்புக்கு முன்பே 'குற்றவாளி' என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழின் மூன்றாம் பக்கத்தில் வந்த ஒரு செய்தி என்னைத் தூங்கவிடவில்லை. நகைத் திருட்டு வழக்கில் இரண்டு இளைஞர்கள் கைது. தலைப்பு: 'குற்றவாளிகள் சிக்கினர்'. கீழே 'பரபரப்பு வாக்குமூலம்' என்று பெட்டிச் செய்தி. படத்தில் இருவர் முகமும் தெளிவாகத் தெரிகிறது. ஒருவருக்கு வலது கையில் மாவுக்கட்டு. தப்பி ஓடும்போது பாலத்திலிருந்து குதித்தாராம்.

நான் நீதிமன்றங்களில் முப்பத்தொரு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதில் பாதிக்கு மேல் குற்றவியல் நடுவர் மன்றத்தில் பெஞ்ச் கிளார்க். அந்த இருவரும் திருடினார்களா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. உங்கள் நிருபருக்கும் தெரியாது. கைது செய்த காவலர்களுக்குச் சந்தேகம் இருக்கிறது, அவ்வளவுதான். அந்தச் சந்தேகம் சரியா என்று பார்க்கத்தான் நீதிமன்றம் இருக்கிறது.

நம் தமிழிலேயே இந்தக் கோளாறு ஊறிப்போயிருக்கிறது. விசாரணையின்போது குற்றம் சாட்டப்பட்டவர் நிற்கிற இடத்துக்கு நாம் வைத்த பெயர் 'குற்றவாளிக் கூண்டு'. ஏறி நின்றவுடனேயே அவர் குற்றவாளி ஆகிவிடுகிறார். கோர்ட் காகிதங்களிலோ அவர் '1வது எதிரி', '2வது எதிரி'. யாருக்கு எதிரி? இந்த வார்த்தையை நானே ஆயிரக்கணக்கான முறை எழுதியிருக்கிறேன், யோசித்ததே இல்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் உறுத்துகிறது.

அப்புறம் அந்த வாக்குமூலம். காவல் துறை அதிகாரியிடம் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டால் அதை அவருக்கு எதிராக நிரூபிக்கவே கூடாது என்று 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25வது பிரிவு சொல்லியது. 2024 ஜூலையில் புதிய சட்டம் வந்தபோதும் அது 23வது பிரிவாக அப்படியே இருக்கிறது. அவர் சொன்னதை வைத்துப் பொருள் கைப்பற்றப்பட்டால் அதைச் சார்ந்த பகுதி மட்டும் செல்லும். மீதி எல்லாம் கோர்ட்டில் வெறும் காகிதம். இந்த விதி சும்மா வந்துவிடவில்லை. 1855இல் நம் சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரித்த கமிஷன் ஓர் அறிக்கை கொடுத்தது. வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் மக்களின் விரல்களைக் 'கிட்டி'யில் வைத்து நெரித்ததெல்லாம் அதில் இருக்கிறது. அடித்து வாங்கிய வார்த்தையை நம்பக்கூடாது என்று வெள்ளைக்காரன் ஆட்சியிலேயே சட்டம் போட வேண்டிவந்தது. நீதிபதி படிக்கக்கூடாத அந்த வாக்குமூலத்தை ஊரே காலையில் காப்பியோடு படிக்கிறது, ஐயா.

முகப்படம் போடுவதில் இன்னொரு சிக்கல் உண்டு. முன்பின் தெரியாத ஆள் மீதான வழக்கென்றால் சிறையில் அடையாள அணிவகுப்பு நடத்துவார்கள். ஒரே மாதிரி தோற்றமுள்ள பலரோடு அவரையும் நிறுத்தி, சாட்சியை வரவழைத்து ஆளைக் காட்டச் சொல்வது. அதற்கு முன்பே பேப்பரில் படம் வந்துவிட்டால், எதிர்த்தரப்பு வக்கீலின் முதல் கேள்வியே 'நீங்கள் பேப்பர் படிப்பீர்களா?' என்பதுதான். சாட்சி 'ஆமாம்' என்றதும் அணிவகுப்பின் மதிப்பு போய்விடும். அந்த இருவரும் உண்மையிலேயே திருடியிருந்தால்கூட, உங்கள் படம் அவர்கள் தப்பிக்கத்தான் உதவும்.

மாவுக்கட்டைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. காவல் நிலையக் கழிவறையில் கைதிகள் மட்டும் எப்படி வழுக்கி விழுகிறார்கள் என்று சென்னை உயர் நீதிமன்றமே கேட்டுவிட்டது. ஆனாலும் மாவுக்கட்டுப் படம் வந்தால் 'நல்லா வேணும்' என்று சொல்பவர்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோயில் காவலாளி அஜித்குமாரை நகை காணாமல்போன புகாரில்தான் பிடித்துக்கொண்டு போனார்கள். உடம்பில் 40க்கும் மேற்பட்ட காயங்களோடு இறந்தார். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 22வது பிரிவு சொல்கிறது. அவர் எந்த நீதிபதியின் முகத்தையும் பார்க்காமலே போய்விட்டார். அன்று தமிழ்நாடே கொதித்தது. அந்த அடிக்கும் மாவுக்கட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று நாம் யோசித்தோமா?

'பாதிக்கப்பட்டவர்களுக்கு உரிமை இல்லையா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2017இல் சென்னை போரூர் பக்கம் ஏழு வயதுக் குழந்தைக்கு நேர்ந்த கொடுமையை நாம் யாரும் மறக்கவில்லை. 2018 பிப்ரவரியில் செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது, அந்த ஜூலையிலேயே உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. நானும் நிம்மதிப்பட்டேன். ஆனால் 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. குற்றச்சாட்டு வனைந்தபோது, அதாவது எந்தெந்தக் குற்றத்துக்கு விசாரணை என்று நீதிமன்றம் முறைப்படி பதிவு செய்தபோது, அவருக்கு வக்கீலே இல்லை. பிறகு இலவசச் சட்ட உதவியில் அமர்த்தப்பட்ட வக்கீலுக்கு, சாட்சி விசாரணை தொடங்குவதற்கு முன்பு கிடைத்தது நான்கே நாள். சிசிடிவி பதிவு முறையாக நீதிமன்றத்துக்கு வரவில்லை, டிஎன்ஏ மாதிரிகளைக் கையாண்டதில் சந்தேகம். தண்டனை பற்றித் தனியாக வாதாடப் போதிய அவகாசம் தராமல், தீர்ப்பன்றே தூக்கும் விதித்தாகிவிட்டது. இத்தனையும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் வந்த குறைகள்.

அந்தத் தீர்ப்பு வந்த அன்று பலர் நீதிபதிகளைத் திட்டினார்கள். நான் நினைத்தது அந்தக் குழந்தையைப் பெற்றவர்களை. எட்டு வருடம் கழித்து அவர்கள் கையில் என்ன இருக்கிறது? ஒழுங்கான வக்கீலைக் கொடுத்து, நேரம் கொடுத்து, ஆதாரத்தை முறையாகச் சேர்த்திருந்தால், அவர் செய்தாரா இல்லையா என்பதற்கு யாராலும் அசைக்க முடியாத விடை கிடைத்திருக்கும். அவசரத்தில் குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமையைத் தள்ளிவைத்தோம், அதோடு அந்தப் பெற்றோரின் நீதியும் போனது.

வக்கீல் வைத்து வாதாடும் இந்த உரிமை கெட்டவர்களுக்கு மட்டுமானது என்று நினைக்க வேண்டாம். கோவையில் வக்கீல்களுக்கும் போலீசுக்கும் மோதல் வந்து, வழக்கில் சிக்கிய போலீசாருக்காக யாரும் ஆஜராகக்கூடாது என்று வக்கீல் சங்கம் தீர்மானம் போட்டது. அப்படிப்பட்ட தீர்மானம் செல்லாது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அன்று அந்த உரிமை தேவைப்பட்டது காக்கிச் சட்டைக்காரர்களுக்கு.

கடைசியாக ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஒரு டெய்லர். வேலைக்குப் போன வீட்டில் செயின் காணோம் என்று வழக்கு. கைதான மறுநாளே ஒரு பேப்பரில் படம், 'பலே திருடன்' என்று தலைப்பு. நான்கு வருடம் வாய்தாவுக்கு வந்தார். மதியச் சாப்பாட்டுக்குப் போகாமல் வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார், பெயரைக் கூப்பிடும்போது இல்லாவிட்டால் வாரண்ட் போட்டுவிடுவார்களோ என்ற பயம். விடுதலையானதும் நகல் மனு போட்டுத் தீர்ப்பு நகல் வாங்கினார். இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தார். தீர்ப்பின் கடைசிப் பக்கத்தை மட்டும் லேமினேட் செய்து சட்டைப் பையில் வைத்திருந்தார். துணி தைக்கக் கொடுக்க யாரும் வருவதில்லை, பெண்ணுக்கு வரன் தட்டிப்போகிறது என்றார். 'சார், இதைப் பேப்பர்ல போடுவாங்களா?' என்று கேட்டார். அந்தப் பேப்பர் அலுவலகத்துக்கு இரண்டு தடவை நடந்தாராம், வாசலோடு அனுப்பிவிட்டார்களாம். என்னிடம் பதில் இல்லை. வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

உங்களிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. தண்டனைத் தீர்ப்பு வரும்வரை 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்று எழுதுங்கள். தலைப்பில் இடம் போதாது என்றால் 'கைதானவர்' என்ற வார்த்தை இருக்கிறது. போலீஸ் வாக்குமூலத்தை விட்டுவிடுங்கள். முகத்தை மறையுங்கள். கைதுச் செய்தி வந்த பக்கத்திலேயே தீர்ப்பும் வரட்டும், அது தண்டனையானாலும் சரி, விடுதலையானாலும் சரி.

போன வாரச் செய்தியில் இருந்த காவல் நிலையத்தின் வழக்குகள் எந்த நீதிமன்றத்துக்குப் போகும் என்பது எனக்குத் தெரியும். அங்கே போய் வருவதில் எனக்குச் சிரமம் இல்லை. அந்த இரண்டு இளைஞர்களின் வழக்கில் தீர்ப்பு வந்த அன்றே உங்கள் அலுவலகத்துக்குத் தகவல் அனுப்புகிறேன். மூன்றாம் பக்கத்தில் அதே அளவு இடம் வைத்திருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர் ஒருவர்,
திண்டுக்கல்