புறாமலை – சிங்கராஜ பயணம்: நவம்பர் வவுச்சர் வேண்டாம், பணத்தைத் தாருங்கள்

உப்புவெளி,
திருகோணமலை.
ஒக்டோபர் 21

சுற்றுலா நிறுவன முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது என் ஐந்தாவது கடிதம். முதல் நான்கும் மின்னஞ்சலில் போயின. நான்குக்கும் "உங்கள் கருத்து எங்களுக்கு மதிப்புமிக்கது" என்று ஒரே பதில் வந்தது. ஆகவே இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன்.

ஓகஸ்ட் பயணத்தைக் கெடுத்ததற்கு ஈடாக நீங்கள் அனுப்பிய வவுச்சர் கிடைத்தது. நவம்பர் 24 முதல் 27 வரை, அதே பதினொரு பேர், முதலில் நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாமலைத் தீவு, பிறகு சிங்கராஜ மழைக்காடு. இதைத் தயாரித்தவர் நவம்பர் மாதத்தில் ஒரு தடவையாவது நிலாவெளிக் கரையில் நின்றிருப்பாரா? வாடைக்காற்று விழுந்தால் இங்கே படகுகளை மணலுக்கு மேலே இழுத்துப் போட்டுவிடுவார்கள். கரையிலிருந்து தீவு ஒரு கிலோமீற்றர்தான். ஆனால் அந்த ஒரு கிலோமீற்றரைக் கடக்க எந்தப் படகோட்டியும் சம்மதிக்கமாட்டார். சம்மதித்துப் போய் இறங்கினாலும் கலங்கின தண்ணீரில் பவளமும் தெரியாது, மீனும் தெரியாது.

கிழக்குக் கடல் மே முதல் செப்டெம்பர் வரைதான் அமைதி. அப்போது காற்று தென்மேற்கிலிருந்து தரையைக் கடந்து வருவதால் கரையோரம் அலை எழும்பாது. அதே காற்றுத்தான் மே, யூன், யூலையில் சிங்கராஜவில் மழையைக் கொட்டுகிறது. ஒக்டோபர், நவம்பரில் அங்கே மத்தியானம் தாண்டினால் இடியோடு மழை. காட்டில் மழை குறையும் ஜனவரி, பெப்ரவரியில் எங்கள் கடல் இன்னும் அடங்கியிருக்காது. இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க ஓகஸ்டும் செப்டெம்பர் முற்பகுதியும்தான் உள்ளன. அதனால்தான் மார்ச் மாதமே ஓகஸ்ட் 12 முதல் 15 வரை என்று திகதி குறித்து ரூ. 386,000 முழுவதையும் கட்டினேன். "கடலும் காடும்" என்று படம் போட்டு விற்கிற நிறுவனத்துக்கு இது தெரிந்திருக்கும் என்றே நம்பினேன்.

இதைத் தொலைபேசியில் சொன்னபோது உங்கள் கொழும்பு ஊழியர் சொன்ன பதில்: "அன்ரி, கடல் எங்க ஓடியா போகுது? நவம்பர்லயும் அங்கதானே இருக்கும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் யாரோவும் சிரித்தது கேட்டது. செப்டெம்பர் 18, காலை 10.40. அழைப்பைப் பதிவு செய்வதாக நீங்களே முதலில் அறிவிக்கிறீர்கள். எடுத்துக் கேளுங்கள்.

இனி ஓகஸ்டில் நடந்தவை. உங்கள் கையேட்டில் சிங்கராஜவும் "தேசியப் பூங்கா" என்று இருக்கிறது. அப்படியல்ல. புறாமலை 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவானது. வனஜீவராசிகள் திணைக்களத்தின் கீழ் வருகிறது. சிங்கராஜ 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த காடு. வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது. பெயரில் நான் பிழை பிடிப்பதாக நினைக்கவேண்டாம். திணைக்களம் வேறு என்றால் நுழைவுச்சீட்டும் வேறு, வழிகாட்டியும் வேறு. "ஒரே ரிக்கற் இரண்டுக்கும் செல்லும்" என்று உங்கள் கிளையில் சொன்னதை நம்பி வந்த நாங்கள், இரண்டு வாயிலிலும் கையில் இருந்த பணத்தை எண்ணவேண்டி வந்தது. நிலாவெளியில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ள நால்வருக்கும் தனிக்கட்டணம், குழுவுக்குச் சேவைக்கட்டணம், அதற்கு மேல் வரி. நீங்கள் கட்டியிருந்தது படகுக் கூலி மட்டும். "சகலதும் உள்ளடங்கலாக" என்பதற்கு உங்கள் அகராதியில் என்ன பொருள்?

படகு நேரம் மதியம் 2.30 என்று போட்டிருந்தீர்கள். புறாமலைக்குக் காலையில் முதல் படகுகளோடு போகவேண்டும். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும், தண்ணீர் கலங்கும், ஆட்களும் கூடிவிடுவார்கள். நேரத்தை மாற்றியது நான், கரையில் நின்று, என் சொந்தப் பேச்சில். தண்ணீருக்குள் பார்க்க முகத்தில் போடும் மாஸ்க் பதினொன்று என்று எழுதிக் கொடுத்தீர்கள், ஆறுதான் வந்தது. பட்டியைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுத்தால் நல்ல மாஸ்க் கையை விட்ட பிறகும் ஒட்டி நிற்கும். உங்கள் ஆறில் இரண்டு அப்படியே மடியில் விழுந்தன. ஓரத்து ரப்பர் காய்ந்து, நகம் பட்டாலே வெடிக்கிற நிலை. பிள்ளைகளுக்கென்று சிறிய அளவு ஒன்றுகூட இல்லை. கண்ணுக்குள் உப்புத்தண்ணீர் போன பிள்ளை தடுமாறிக் காலை ஊன்றுவது பவளத்தின் மேல்தான். அது குற்றம் என்று வாயிலிலேயே எச்சரிக்கிறார்கள்.

சிங்கராஜவை நினைத்தால் இன்னும் தலை கொதிக்கிறது. வழிகாட்டியைக் குடாவ வாயிலில் பதிந்துவிட்டு, இரவு தங்கக் காட்டின் மறுபக்கத்து வாயிலுக்குரிய தெனியாயவில் அறை எடுத்திருந்தீர்கள்! காடு வடக்குத் தெற்காக அதிகபட்சம் ஏழு கிலோமீற்றர் அகலம் என்பதைப் படத்தில் பார்த்துவிட்டு, இரண்டு வாயிலும் அடுத்தடுத்த வீடு என்று முடிவு கட்டினார்களா? நடுவில் வாகனம் போகப் பாதை கிடையாது. சூரியகந்த, இறக்குவானை, கலவானை என்று மலையைச் சுற்றித்தான் வரவேண்டும். தெனியாயவில் தங்குபவர்கள் மெதெரிபிட்டிய பக்கத்துப் பிட்டதெனிய வாயிலால் போவார்கள். குடாவவால் போவதென்றால் வெத்தாகலவிலோ குடாவவிலோ தங்கவேண்டும். எந்தச் சாரதியைக் கேட்டாலும் சொல்வார். உங்களிடம் பணம் வாங்குகிறவரிடம் மட்டும்தான் இந்தத் தகவல் இல்லை.

காலை 6 மணிக்குப் புறப்பட்டோம். நீங்கள் தந்தது 29 இருக்கைக் கோஸ்டர் பஸ். கடைசி ஒடுங்கிய பாதையில் அது திரும்ப இடமில்லை என்று சாரதி வெத்தாகலவில் நிறுத்திவிட்டார். அங்கிருந்து முச்சக்கரவண்டிகள், எங்கள் செலவில். காட்டுக்குள் கால் வைக்கும்போது நேரம் 11.50. சிங்ககல உச்சிக்குப் போய்வர ஒரு முழு நாள் வேண்டும், விடிந்ததும் ஏறத் தொடங்கவேண்டும். வழிகாட்டி நேரத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவர் மேல் குறையில்லை, பொறுமையான மனிதர். பழைய மரம் ஏற்றும் பாதையில் ஆராய்ச்சி நிலையம் வரை நடந்து, மழையில் நனைந்து திரும்பினோம். பறவைக் கூட்டம் காலையில்தான் நன்றாகத் தெரியும் என்று அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டதுதான் மிச்சம்.

காட்டில் இரத்தம் குடிக்கும் அட்டைகள் காலில் ஏறாமல் போடும் அட்டைக் காலுறை மூன்று சோடி! பதினொரு பேருக்கு மூன்று. அது நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் தைத்து முழங்காலுக்குக் கீழே நாடாவால் கட்டுவது. சாதாரண பின்னல் காலுறையின் கண்ணுக்குள் அட்டை நூல் மாதிரி மெலிந்து நுழைந்துவிடும். உள்ளே போய்க் குடித்த பிறகுதான் வீங்கும். எண்பது வயதை நெருங்கும் என் மாமியின் கணுக்காலில் ஏழு இடத்தில் இரத்தம். அவருக்கு ஆபத்து ஒன்றுமில்லை, கடவுள் காத்தார். உங்கள் நிறுவனம் காக்கவில்லை.

அதற்குப் பிறகு திருகோணமலைக் கிளைக்கு நான்கு தடவை. மூலப் பற்றுச்சீட்டோடு கொழும்புக்கு வரச் சொன்னார்கள். இரவு ரயிலில் போய்க் காலை எட்டரைக்கு உங்கள் வாசலில் நின்றேன். மத்தியானம் ஒன்றேகால் வரை உட்கார வைத்துவிட்டு, "உங்கட ஃபைல் கண்டிக் கிளையில இருக்கு" என்றார்கள். இதைத் தொலைபேசியில் சொல்ல ஒரு நிமிடம் போதாதா?

நான் சண்டைக்கு வரவில்லை. உங்களுக்கும் ஊழியர் பற்றாக்குறை இருக்கலாம், விளங்குகிறது. கனடாவிலிருந்து வந்த நான்கு பேரின் விமானச் செலவு, லீவு, பிள்ளைகளின் ஏமாற்றம் எல்லாவற்றையும் கூட்டினால் என் நட்டம் இருபது இலட்சத்துக்குக் குறையாது. ஆனாலும் கட்டிய ரூ. 386,000 மட்டுமே கேட்கிறேன். நவம்பர் 5க்குள் அது என் கணக்குக்கு வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும், சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபைக்கும் இதே கடிதம், பற்றுச்சீட்டுப் பிரதிகளோடு போகும். தயவுசெய்து அந்த நிலைக்கு என்னைத் தள்ளவேண்டாம்.

இப்படிக்கு,
பதினொரு பேரின் சார்பில்
பதிவுதாரர்

பி.கு.: திரும்பி வராத இரண்டு மாஸ்க்குகளுக்கென்று ரூ. 9,000 கழித்திருக்கிறீர்கள். அவை அந்த வெடித்த இரண்டும்தான். "கிளையிலிருந்து வந்து எடுப்பார்கள்" என்று உங்கள் சாரதி விட்டுப்போனார். என் வீட்டு விறாந்தையில் கிடக்கின்றன. வந்து எடுத்துக்கொண்டு, எடுத்ததாகக் கையெழுத்துப் போட்டுத் தரவும்.